குறையா, வேறா? – ஆட்டிசம் என்ற பெயரின் வரலாறு

‘ஆட்டிசம்’ என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்து முப்பது ஆண்டு ஆகியிருந்தாலே அதிகம். அதற்கு முன் அத்தகைய பிள்ளைகள் இல்லையா என்றால், இருந்தார்கள். “அவன் ஒரு மாதிரிங்க”, “தானுண்டு தன் விளையாட்டுண்டுனு இருப்பான்”, “இன்னும் பேச்சு வரல, எங்க மாமாவுக்கும் லேட்டாத்தான் வந்துச்சாம்” என்று சொல்லி ஊரும் உறவும் நகர்ந்துவிடும். பெயர் வந்தது, பெயரோடு ஒரு வழக்கும் வந்தது. இது மருத்துவர் சொல்வதுபோல் ஒரு குறைபாடா? அல்லது இடக்கைப் பழக்கம் போல மனித இயல்பில் ஒரு வேறுபாடா?

நான் மருத்துவன் அல்லன். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இயந்திரங்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன். வரலாறு படிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. எங்கள் வீட்டுப் பேரனுக்கே இந்தப் பெயர் வந்த பிறகு, பொழுதுபோக்கு தேவையாகிவிட்டது. படித்ததில் தெளிந்ததை நம் சங்க மலர் அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எண்வகை எச்சம்

சங்க இலக்கியத்தைத் தொடாமல் தமிழ்ச் சங்க மலரில் கட்டுரை எழுதினால் சாமி கண்ணைக் குத்திவிடும் என்பது என் நெடுநாள் நம்பிக்கை. இங்கே அதற்கு உண்மையான காரணமும் உண்டு. புறநானூற்றின் 28ஆம் பாடல், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடியது. மக்கட்பிறப்பில் எட்டு வகை ‘எச்சம்’ உண்டு என்று அது வரிசைப்படுத்துகிறது. பார்வையின்மை, உருவமற்ற பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு என்று உடலில் தெரிவன ஆறு. கடைசி இரண்டு மா, மருள் என்பன. விலங்கு போன்ற பிறப்பு, அறிவு மயங்கிய பிறப்பு என்று இவற்றுக்குப் பொருள் சொல்வர்.

அந்த ‘மருள்’தான் ஆட்டிசம் என்று நிறுவ நான் முயலவில்லை. அப்படிச் செய்பவர்கள் நம்மிடையே ஏராளம். அணுகுண்டே தொல்காப்பியத்தில் இருக்கிறது என்பவர்கள். நான் கவனித்தது வேறு. இந்த எட்டு பிறப்பாலும் பயன் இல்லை என்பது அந்தப் பட்டியலின் தீர்ப்பு. ஒரு மனிதனால் என்ன பயன் என்று கேட்டுவிட்டுப் பிறகு அவனுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இது சான்று.

அந்தப் பட்டியலில் இருந்த ஊமை, செவிடு என்னும் இரண்டுக்காகவே நம் மைசூரில் ஒரு நிறுவனம் எழுந்தது. 1965இல் தொடங்கி, 1966இல் தன்னாட்சி அமைப்பான அகில இந்தியப் பேச்சு-கேட்பு நிறுவனத்தைத்தான் சொல்கிறேன். மானச கங்கோத்ரியில் உள்ள அதை நாம் ‘ஆயிஷ்’ என்போம். பழைய ஆட்கள் ‘ஸ்பீச் அண்டு ஹியரிங்’ என்பார்கள். “காது நல்லாக் கேக்குது, ஆனா பேச்சு வரல” என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தென்னாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெற்றோர் அங்கே வருகிறார்கள். ஆட்டிசம் என்ற பெயரைப் பலர் முதன்முதலாகக் கேட்பது அந்த வளாகத்தில்தான். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

டொனால்டின் கதை

சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் 1911இல் வெளியிட்ட நூலில் இச்சொல்லைக் கையாண்டார். ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அமைத்தது. மனச்சிதைவு நோயாளிகள் தமக்குள்ளே ஒடுங்கிக்கொள்வதைக் குறிக்க அவர் அதைப் பயன்படுத்தினார். குழந்தைகளைப் பற்றி அவர் பேசவில்லை. மாஸ்கோவில் க்ரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் 1920களிலேயே இத்தகைய சிறுவர்களை நுட்பமாக வருணித்து எழுதினார். உலகம் அவரைக் கண்டுகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின.

பெயர் நிலைபெற்றது 1943இல். அமெரிக்காவில் பால்டிமோர் நகர ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கானர், எட்டுச் சிறுவர், மூன்று சிறுமியர் என 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933இல் பிறந்தவர். மகனைப் பற்றி அவர் தந்தை கானருக்குத் தட்டச்சில் 33 பக்கம் எழுதி அனுப்பினார். அந்தக் கடிதம்தான் இந்தத் துறையின் முதல் ஆவணம் எனலாம். ஒரு தகப்பன் தன் பிள்ளையை உட்கார்ந்து கவனித்து எழுதியதில் இந்த வரலாறு தொடங்குகிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

அடுத்து நடந்தது அதைவிட முக்கியம். ஒன்பது வயதில் டொனால்டைப் பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டில் விட்டார்கள். பிள்ளையில்லாத தம்பதியர், மனநூல் எதுவும் படிக்காதவர்கள். டொனால்டுக்கு எதையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். அவர்கள் அதைத் தடுக்கவில்லை. ஒரு கிணற்றைத் தோண்ட விட்டு, ஆழம் எவ்வளவு என்று வந்து சொல்லச் சொன்னார்கள். எதையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். சோளக்கொல்லையில் வரிசைகளை எண்ணிக்கொண்டே ஏர் ஓட்ட விட்டார்கள். 1945இல் நேரில் போன கானர் இதைப் பார்த்து வியந்திருக்கிறார். டொனால்ட் கல்லூரி முடித்து, சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, பல நாடுகளைச் சுற்றி, 2023இல் 89 வயதில் மறைந்தார். ஊரில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் ‘அப்படித்தான்’ என்பதும் தெரியும்.

அந்த 11 பேரும் என்ன ஆனார்கள் என்று கானர் 1971இல் மறுபடியும் எழுதினார். அரசு விடுதிகளுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் நிலை பரிதாபமாக இருந்தது. சிறுவயதில் காட்டிய திறன்களையும் அங்கே இழந்துவிட்டார்கள். அங்கே சேர்ப்பது ஆயுள் தண்டனைக்குச் சமம் என்ற பொருள்பட அவரே வருந்தினார். பதினொரு பேருக்கும் ஒரே மருத்துவர், ஒரே பெயர். அவர்களுக்குள் இருந்த வித்தியாசமும் ஒரு காரணம்தான். ஆனால் சோளக்கொல்லையும் விடுதிச் சுவரும் செய்த வேலையை மறைக்க முடியாது. குறையா வேறா என்ற கேள்வியில் பாதி குழந்தையின் தலைக்குள் இருக்கிறது என்றால், மறுபாதி அது வாழும் ஊரில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது இந்த இடத்தில்தான்.

இடையில் தாய்மாரைப் பழித்த ஒரு காலமும் இருந்தது. பாசமற்ற, பனிக்கட்டி போன்ற தாயால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்றார்கள். ப்ரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு புத்தகமே எழுதிப் புகழடைந்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவான 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. பிறப்பிலேயே வரும் இயல்பு இது என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. நம் பக்கத்தில் “வேலைக்குப் போற அம்மா, அதான்”, “டிவி முன்னால உக்கார வெச்சா வேற என்ன ஆகும்” என்று இன்றும் பேசும் அத்தைமார்களுக்கு இந்த 1977 இன்னும் வந்து சேரவில்லை. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் கிளப்பிவிடப்பட்ட கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

வியன்னா தரும் எச்சரிக்கை

கானருக்கு அடுத்த ஆண்டு, 1944இல், வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதே போன்ற சிறுவர்களைப் பற்றி எழுதினார். அவர்களுடைய கூர்மையையும் தனித்த அறிவையும் எடுத்துச் சொன்னார். இங்கிலாந்தின் லோர்னா விங் 1981இல் அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அவர் பெயரே ஒரு வகைக்கு வைக்கப்பட்டது. நெடுங்காலம் அவர் இப்பிள்ளைகளின் காவலராக, ‘வேறுபாடு’ என்ற கொள்கைக்கே முன்னோடியாகப் போற்றப்பட்டார்.

2018இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்று ஆய்வாளர் வியன்னா ஆவணங்களைத் திறந்து காட்டினார். நாஜி ஆட்சியில், ‘பயனற்றவர்கள்’ என்று கருதப்பட்ட குழந்தைகள் ‘ஆம் ஸ்பீகல்குருண்ட்’ என்ற விடுதிக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே 789 குழந்தைகள் இறந்தனர். அங்கு அனுப்பும் பரிந்துரைகளில் ஆஸ்பெர்கரின் கையெழுத்தும் இருந்தது. திறமையுள்ள சிறுவர்களுக்காக வாதாடிய அதே கை.

இதைப் படித்த அன்று எனக்குச் சாத்தனாரின் பட்டியல் நினைவுக்கு வந்தது. ஐன்ஸ்டீனுக்கு ஆட்டிசம், நியூட்டனுக்கு ஆட்டிசம், ஆகவே இது குறையில்லை என்று இப்போதெல்லாம் மேடைகளில் பேசுகிறார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பயனைக் காட்டி மதிப்பு வாங்கும் வாதம். என் பேரனிடம் கணிதப் புலமை இல்லை. தேதி சொன்னால் கிழமை சொல்லும் வித்தையும் இல்லை. குக்கர் விசில் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வான். அவன் வேறு மாதிரி என்பதற்கு மதிப்புண்டென்றால், அந்த மதிப்பு அவன் எதையும் சாதித்துக் காட்டாமலே கிடைக்க வேண்டியது.

‘வேறுபாடு’ என்ற கட்சியின் உண்மையான தொடக்கம் மருத்துவரிடம் இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களிடமே இருக்கிறது. 1993இல் டொரன்டோ மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் பெற்றோர்களைப் பார்த்துப் பேசினார். எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள். நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை வரவில்லை என்ற ஏக்கத்தை வந்த பிள்ளையின்மேல் ஏற்றாதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். 1998இல் ஆஸ்திரேலியாவின் ஜூடி சிங்கர் தம் ஆய்வேட்டில் ‘நரம்பியல் பன்மை’ என்று நாம் தமிழாக்கக்கூடிய கருத்தை எழுதினார். காட்டில் பல உயிர்வகை இருப்பது போல மனித மூளையிலும் பல வகை உண்டு என்பது அதன் பொருள். நமக்கு இதில் வியப்பில்லை. பீச்சாங்கையால் எழுதின பிள்ளைக்கு அந்தக் கையைக் கட்டிப்போட்ட பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள்தானே நாம்! யாருக்கும் ‘சிகிச்சை’ கண்டுபிடித்து அந்தப் பழக்கம் ஒழியவில்லை. கட்டுவதை நிறுத்தினோம், அவ்வளவுதான். ஒருபால் விருப்பமும் 1973 வரை அமெரிக்கக் கையேட்டில் நோய்தான்.

அந்தக் கையேடே ஆட்டிசத்தை எப்படி நடத்தியது என்று பாருங்கள். 1980இல்தான் தனி வகையாக இடம் கொடுத்தது. 1994இல் பல கிளைகளாகப் பிரித்தது. 2013இல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ‘நிறமாலை’ ஆக்கியது. எல்லை விரிந்தது, தேடிப் பார்க்கும் கண்களும் கூடின. அமெரிக்க அரசின் கணக்கில் 2000ஆம் ஆண்டு 150 குழந்தைகளில் ஒருவர் என்றிருந்தது, 2022க்கான கணக்கில் 31இல் ஒருவர் என்றாயிற்று. இப்போது ஒரே பெயரின் கீழ் பேராசிரியரும் இருக்கிறார், இருபது வயதிலும் பிறர் உதவியின்றிக் குளிக்க முடியாதவரும் இருக்கிறார். இரண்டாமவரைப் பெற்ற தாயிடம் போய் “இது வெறும் வேறுபாடுதாம்மா” என்றால் அவர் என்ன சொல்வார்? இக்குரலையும் கேட்டு, 2021இல் லான்செட் இதழ் அமைத்த நிபுணர் குழு, இடைவிடாத கவனிப்புத் தேவைப்படுவோருக்கு ‘ஆழ்ந்த ஆட்டிசம்’ என்ற பெயரை முன்வைத்தது. வேறுபாட்டுக் கட்சியினர் பலர் அதை எதிர்க்கிறார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

மைசூரில் வளர்ந்த சிறுவன்

இந்த வழக்கின் இரு பக்கமும் ஒரே உடலில் வாழ்வதற்கு எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே உண்டு. டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய், 1989இல் பிறந்தவர். மைசூரிலும் பெங்களூரிலும் வளர்ந்தவர். நம்மைப் போலவே வெளிமாநிலத்திலிருந்து வந்து தங்கிய வங்காளிக் குடும்பம். வாய்ப்பேச்சு மிகச் சொற்பம். உடல் ஓயாமல் அசையும். கடுமையான ஆட்டிசம் என்று மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். தாயார் சோமா வேதியியல் படித்தவர். எழுத்துப் பலகை, பென்சில், விடாத கேள்விகள் என்று தாமே ஒரு முறையை வகுத்துக்கொண்டு மகனுக்குக் கற்பித்தார். அந்தச் சிறுவன் எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் எழுதியவை 2000ஆம் ஆண்டு லண்டனில் நூலாக வந்தன. முன்னுரை எழுதியவர் மேலே சொன்ன லோர்னா விங். பி.பி.சி. படமும் எடுத்தது. 2001இல் தாயும் மகனும் அமெரிக்கா சென்றார்கள்.

டிட்டோவைக் காட்டிக் கொள்கை பேசுபவர்கள் பாதியை மறைத்துவிடுகிறார்கள். அவர் கவிதை எழுதுகிறார் என்பதைச் சொல்லி, உள்ளே முழு அறிவு இருக்கிறது, ஆகவே குறையே இல்லை என்பது ஒரு சாரார். அவருக்கு அன்றாட வாழ்வில் ஆள்துணை வேண்டும் என்பதை மறுசாரார் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். இரண்டும் உண்மை. தாயார் பின்னர் பிறருக்குக் கற்பிக்கும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பலகையைப் பிடிப்பவரின் குறிப்பும் பிள்ளையின் விடையில் கலந்துவிடலாம், முறைக்குச் சான்று போதாது என்று அமெரிக்கப் பேச்சு-கேட்பு வல்லுநர் சங்கம் 2018இல் எச்சரித்திருக்கிறது. டிட்டோ பிறர் கை தொடாமல் தானே எழுதுவதைக் கண்ட ஆய்வாளர்கள் உண்டு. அதனால் அம்முறை எல்லாப் பிள்ளைக்கும் பலிக்கும் என்று ஆகாது. நம் குடும்பங்கள் கடன் வாங்கிப் பணம் கட்டுமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு கையெழுத்து

இனி நம் நாட்டுச் சட்டம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களைச் சொன்னது. ஆட்டிசம் அதில் இல்லை. மேரி பருவா 1991இல் டில்லியில் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பைத் தொடங்கியிருந்தார். அவர் போன்ற பெற்றோர்களின் விடாமுயற்சியால் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அந்தச் சொல் ஏறியது. முழு உரிமைகளோடு இடம்பெற்றது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில், 21 வகைகளில் ஒன்றாக. அரசு வேலையில் உள்ள 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில், ஆட்டிசம் வேறு சில வகைகளோடு சேர்ந்து 1 விழுக்காட்டைப் பங்கிட்டுக்கொள்கிறது.

சான்றிதழுக்கு அளவுகோல் ஒன்று இருக்கிறது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 106 வரை லேசானது. 153 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. வேறுபாடு என்று எவ்வளவு அழகாகப் பேசினாலும் அந்த மேசையில் குறையைத்தான் எண்ணுவார்கள்.

எங்கள் வீட்டில் இதன் பொருட்டு ஆறு மாதம் பேச்சுவார்த்தை நின்றது. மகன் சொன்னான்: “அப்பா, அவன் வேற மாதிரி, அவ்வளவுதான். என் புள்ளைக்கு ஊனம்னு முத்திரை குத்த நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” மருமகள் என்னிடம் வந்து நின்றாள். “மாமா, பரீட்சையில கூடுதல் நேரம், எழுதறதுக்கு ஆளு, இதெல்லாம் முத்திரை இல்லாம யாரு குடுக்குறாங்க? நாளைக்கு நாங்க இல்லேன்னா அவனுக்கு எந்தக் காகிதம் பேசும்?” சேர்த்துக்கொள்ள மறுத்த ஒரு பள்ளியின் வாசலில் நின்றுவிட்டு வந்தவள் அவள். அவளுடைய கேள்விக்கு வேறுபாட்டுக் கட்சியின் எந்தப் புத்தகத்திலும் எனக்கு விடை கிடைக்கவில்லை. மகனுடைய கேள்விக்கு விடை டொனால்டின் சோளக்கொல்லையில் கிடைத்தது. காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் வீட்டில் அவனை எப்படி நடத்துகிறோம் என்பது நம் கையில். காகிதம் அரசிடம் கேட்பதற்கு. அதை அவன் காதில் படிக்க வேண்டியதில்லை. மகன் கையெழுத்துப் போட்டான். முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன்.

பெயர்களுக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. தமிழக அரசு 2010இல் ‘ஊனமுற்றோர்’ என்பதை ‘மாற்றுத்திறனாளிகள்’ ஆக்கியது. கர்நாடகத்தில் ‘அங்கவிகல’ போய் ‘விகலசேதன’ வந்தது. 2015இல் டில்லியிலிருந்து ‘திவ்யாங்’ வந்தது. ஆட்டிசத்தைத் தமிழில் ‘மதியிறுக்கம்’ என்கிறார்கள். அரசு ஏடுகளில் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்றும் பார்த்திருக்கிறேன். இரண்டும் எனக்கு உவப்பில்லை. என் பேரனுக்குப் புற உலகச் சிந்தனை இல்லையா? குக்கர் அடுப்பில் ஏறும்போதே மாடிப்படியைப் பார்க்கிறவன் அவன். கன்னடத்தின் ‘ஸ்வலீனதெ’, தன்னில் லயித்தல், காதுக்கு இனிமை. ஆனால் அதுவும் ப்ளாய்லரின் பழைய தவற்றைத்தான் மொழிபெயர்த்திருக்கிறது. எஸ். பாலபாரதி போன்ற தமிழ் எழுத்தாளர்கள் தம் நூல்களில் ‘ஆட்டிசம்’ என்றே வைத்துக்கொண்டது சரி என்று நினைக்கிறேன். தீர்ப்புச் சொல்லாத சொல் அது ஒன்றுதான்.

வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கு மட்டும் உரிய ஒன்று மிச்சம் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். பேச்சு வராத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், “மூணு மொழி அவனைக் குழப்புது, வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க” என்று அறிவுரை கிடைக்கும். எங்களுக்கும் கிடைத்தது. மருமகளின் இங்கிலீஷ் கடைக்கும் பேங்குக்கும் போதும். பிள்ளையைக் கொஞ்ச, அதட்ட, தூங்க வைக்கப் போதாது. எட்டு மாதம் அந்த வீட்டில் தாய் பிள்ளையிடம் பேசிய பேச்சு பாதியாகக் குறைந்தது. இருமொழிச் சூழலில் வளர்வதால் ஆட்டிசக் குழந்தைகளின் மொழி கூடுதலாகப் பின்தங்குவதில்லை என்று 2012இல் கனடாவில் வெளிவந்த ஆய்வு உட்படப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதைப் படித்த பிறகு மருமகள் தமிழுக்குத் திரும்பினாள். ஹெப்பாள் வீதியில் கீரை விற்க வரும் அம்மாளிடம் பையன் இப்போது கன்னடத்தில் ஒரு சொல் சொல்கிறான், ‘பேடா’. வேண்டாம் என்று அர்த்தம். எங்களிடம் அதையே தமிழில் சொல்கிறான்.